கைமாறிய டொமைனில் நம் கட்டுரைகள்: எது போயிற்று, எது போகவில்லை

2024 ஜூலையில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட ஓர் ஆங்கிலத் தளம் மீண்டும் உயிர்பெற்றது. ஆப்பிள் கருவிகளைப் பற்றி 2004 முதல் எழுதிவந்த ‘அன்அஃபிஷியல் ஆப்பிள் வெப்லாக்’ என்ற அந்தத் தளத்தை ஏஓஎல் நிறுவனம் 2015 பிப்ரவரியில் மூடியிருந்தது. திரும்பி வந்த தளத்தில் பழைய எழுத்தாளர்களின் பெயர்கள் அப்படியே இருந்தன. அந்தப் பெயர்களுக்குக் கீழே இருந்த கட்டுரைகளை அவர்கள் எழுதவில்லை. ஆசிரியர் படங்களும் செயற்கை நுண்ணறிவு வரைந்தவை. முன்பு அங்கே எழுதிய கிறிஸ்டினா வாரன் தன் பெயரில் புதுக் கட்டுரைகள் வருவதைப் பார்த்துப் பொதுவெளியில் கண்டித்த பிறகே செய்தி பரவியது. பெயர்கள் அவசர அவசரமாக மாற்றப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது, புதிய உரிமையாளரான வெப் ஆரஞ்ச் லிமிடெட் தன் தளத்திலேயே கொடுத்திருந்த விளக்கம். யாகூவிடமிருந்து (ஏஓஎல் பின்னாளில் யாகூவோடு இணைந்தது) டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரைத்தான் வாங்கினோம், உள்ளடக்கம் அந்த விற்பனையில் சேரவில்லை, இணைய ஆவணக் காப்பகத்தில் இருந்த பழைய பக்கங்களை எடுத்துத் திருத்தி எழுதினோம் என்று அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். டொமைன் வேறு, உள்ளடக்கம் வேறு என்பது வாங்கியவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இழந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் தெரிவதில்லை.

அங்கே டொமைன் விற்கப்பட்டது. சிறு தளங்களுக்கு நேர்வது வேறு: புதுப்பிக்க மறந்து, காலாவதியாகி, முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போய்விடுகிறது. சில வாரங்களில் அதே முகவரியில் அதே கட்டுரைகள், நடுநடுவே சூதாட்டத் தள விளம்பரங்களுடன் தோன்றுகின்றன. ‘டொமைன் போய்விட்டது, இனி என்ன கேட்க முடியும்’ என்று எழுதியவர் ஒதுங்கிக்கொள்கிறார். கேட்க முடியும். ஆனால் கேட்க வேண்டிய இடம், அவர் முதலில் நினைக்கும் இடம் அல்ல.

இரண்டு சொத்துகள், இரண்டு சட்டங்கள்

டொமைனை யாரும் சொந்தமாக வாங்குவதில்லை. ஓராண்டு முதல் அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வரை பதிவு செய்துகொள்கிறோம். கட்டணம் நின்றால் பதிவும் நிற்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட செல்பேசி எண் இன்னொருவருக்குப் போவதைப் போன்றதுதான் இது. எண் போனதால், அந்த எண்ணிலிருந்து நீங்கள் அனுப்பிய கவிதை புதியவருக்குச் சொந்தமாகிவிடாது.

கட்டுரையும் படமும் பதிப்புரிமையின் கீழ் வருபவை. எழுதிய கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்துப் படைப்புக்கு எழுதியவரின் ஆயுள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகள் ஒன்றின் படைப்பை மற்றொன்று மதிக்கக் கடமைப்பட்டவை. எனவே சென்னையில் எழுதிய கட்டுரையை அமெரிக்க சர்வரில் ஏற்றினாலும் உரிமை தொடர்கிறது. டொமைன் காலாவதியானதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் இங்கே உண்டு. உரிமை உங்களுடையதுதானா? ஊழியராக இருந்து எழுதியது பொதுவாக நிறுவனத்துக்குச் சேரும். பத்திரிகை ஊழியர் எழுதியதில், பத்திரிகையில் வெளியிடும் உரிமை உரிமையாளருக்கும் மற்றவை எழுதியவருக்கும் என்று இந்தியச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிரித்து வைத்திருக்கிறது. ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. பலர் எழுதிய கூட்டுத்தளம் என்றால் நடத்தியவர் எல்லோருக்காகவும் புகார் தர முடியாது. அவரவர் கட்டுரைக்கு அவரவர், அல்லது அவர்கள் எழுத்தில் அனுமதி தந்தவர். புகார் எழுதும் முன் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

டொமைன் எந்த நாளில் உண்மையில் கைவிட்டுப் போகிறது?

டாட் காம், டாட் நெட் போன்றவற்றுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் விதிகள் பொருந்தும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாட்களுக்குள்ளும் பதிவாளர் நிறுவனம் (டொமைனை உங்களுக்குப் பதிவு செய்துதரும் நிறுவனம்) அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதன்பின் நடப்பது:

1. சலுகைக் காலம். 45 நாட்கள் வரை இருக்கலாம். எவ்வளவு என்பதைப் பதிவாளர் முடிவு செய்கிறார். தளம் திறக்காது அல்லது விளம்பரப் பக்கம் ஒன்று வந்து நிற்கும். வழக்கமான கட்டணத்திலோ சற்றுக் கூடுதலாகவோ புதுப்பித்துவிடலாம்.

2. மீட்புக் காலம், 30 நாட்கள். பழைய உரிமையாளர் மட்டுமே மீட்க முடியும். கட்டணம் பல மடங்கு.

3. நீக்கலுக்குக் காத்திருக்கும் காலம், 5 நாட்கள். யாராலும் எதுவும் செய்ய இயலாது.

4. நீக்கம். அடுத்த நொடியே எவரும் பதிவு செய்யலாம். இதற்கென்றே மென்பொருளை ஓடவிட்டுக் காத்திருக்கும் நிறுவனங்கள் உள்ளன.

இந்தப் பட்டியலை நம்பி ‘இன்னும் எண்பது நாள் இருக்கிறதே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாறுகிறார்கள். பல பதிவாளர் நிறுவனங்கள் முதல் கட்டத்திலேயே டொமைனை ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன. ஏலத்தில் எடுத்தவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் வருவதே இல்லை. டொமைன் நீக்கப்படாததால் அதன் பிறந்த தேதியும் பழையதாகவே காட்டும். புதியவர் ‘இது 2006 முதல் இயங்கும் தளம்’ என்று சொல்லிக்கொள்ள அது வசதி.

டொமைனை வாங்கியவர் ஏன் உங்கள் கட்டுரைகளையே போடுகிறார்?

தனிப்பட்ட பகை என்று பலர் நினைக்கிறார்கள். அநேகமாக அப்படி இல்லை. வாங்கியவருக்கு உங்கள் பெயர்கூடத் தெரிந்திருக்காது. அவர் வாங்கியது உங்கள் தளத்தை நோக்கி வெளியிலிருந்து வரும் இணைப்புகளை.

பல ஆண்டுகளில் விக்கிப்பீடியா, பல்கலைக்கழகப் பக்கங்கள், செய்தித்தளங்கள், பிற எழுத்தாளர்கள் என்று பலர் உங்கள் கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்கள். தேடுபொறிகளுக்கு அவை நம்பிக்கைச் சான்றுகள். டொமைன் கைமாறினாலும் அந்த இணைப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஆனால் அவை சுட்டுவது முகப்புப் பக்கத்தை மட்டும் அல்ல, குறிப்பிட்ட கட்டுரைகளை. அந்தக் கட்டுரை முகவரிகளில் எதுவும் இல்லையென்றால் இணைப்புகள் வீணாகும். எனவே, ஒவ்வொரு பழைய முகவரியிலும் பழைய கட்டுரையையே மறுபடி வைத்துவிடுகிறார். 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இணைய ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு தளத்தை முழுவதுமாக இறக்கிக்கொள்ளத் தயார்நிலைக் கருவிகள் கிடைக்கின்றன. ஒரு மாலை வேலை.

தேடுபொறி தளத்தை மீண்டும் நம்பத் தொடங்கியதும் கட்டுரைகளுக்கு நடுவே விற்பனைத் தளங்களுக்கான இணைப்புகள் நுழைகின்றன. அல்லது கிறிஸ்டினா வாரன் கண்டதுபோல, இயந்திரம் எழுதிய புதுக் கட்டுரைகள் குவிகின்றன. 2018இல் மூடப்பட்ட ‘ஹேர்பின்’ என்ற அமெரிக்கப் பெண்கள் தளத்தின் டொமைனும் இப்படித்தான் செர்பியாவைச் சேர்ந்த ஒருவரிடம் போயிற்று. வயர்டு இதழ் 2024 ஜனவரியில் அதை வெளிக்கொண்டு வந்தபோது, சில பழைய கட்டுரைகள் அங்கேயே இருந்தன. எழுதிய பெண்களின் பெயர்களுக்குப் பதிலாக ஆண்களின் பெயர்கள்.

2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் கொள்கையில் ‘காலாவதியான டொமைன் முறைகேடு’ என்பதைத் தனி விதிமீறலாகச் சேர்த்தது. முன்பு தொடக்கப்பள்ளியின் தளமாக இருந்த முகவரியில் சூதாட்ட உள்ளடக்கம் போடுவது அங்கே தரப்பட்டுள்ள உதாரணங்களில் ஒன்று. சூதாட்டத்துக்கு மாறிய தளத்தை இதைக் கொண்டு பிடிக்கலாம். உங்கள் கட்டுரைகளையே முகமூடியாக அணிந்த தளம் இந்த வலையில் எளிதில் சிக்காது. மேலோட்டமாகப் பார்க்கும் இயந்திரத்துக்கு அது பழைய தளம் பழையபடி நடப்பதாகவே தோன்றும்.

நகல் எது, மூலம் எது? தேடுபொறியின் குழப்பம்

பாதிப்பு கடுமையாக இருப்பது புதிய முகவரிக்கு மாறிய எழுத்தாளர்களுக்கு. பழைய டொமைனைக் கைவிட்டு வேறொன்றில் அதே கட்டுரைகளை வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். இப்போது பழைய முகவரியில் அதே கட்டுரைகள் திரும்ப வருகின்றன. ஒரே உள்ளடக்கம் இரண்டு இடங்களில் இருந்தால், கூகுள் அவற்றை ஒரே குழுவாகச் சேர்த்து, ஒன்றை மட்டும் மூலப் பக்கமாகத் தேர்ந்து காட்டுகிறது. எதைத் தேர்வது என்பதை யார் எழுதினார்கள் என்று விசாரித்து முடிவு செய்வதில்லை. ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக அனுப்பும் வழிமாற்றங்கள், தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தளவரைபடம், பக்கத்துக்கு வரும் இணைப்புகள் போன்ற அடையாளங்களைப் பார்க்கிறது. இணைப்புகள் எல்லாம் பழைய முகவரியை நோக்கியே இருக்கின்றன. விளைவு, எழுதியவரின் பக்கம் நகலாகக் கருதப்பட்டுத் தேடல் முடிவுகளிலிருந்து மறைந்துபோகலாம்.

அதனால்தான் தளத்தை மாற்றியவர்கள் பழைய டொமைனைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து புதிய முகவரிக்கு நிரந்தர வழிமாற்றம் கொடுக்க வேண்டும். குறைந்தது ஓராண்டாவது அது இருக்கட்டும் என்பது கூகுளின் அறிவுரை. என் கருத்து: ஓராண்டு போதவே போதாது. வெளியிணைப்புகள் இருக்கும் காலம்வரை பழைய டொமைனுக்கு விலையும் இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறார். ஆண்டுக் கட்டணத்தை மிச்சம் பிடித்தவர்கள் பிறகு செலவழிக்கும் நேரத்துக்குக் கணக்கே இல்லை.

முதலில் சான்று, பிறகு சண்டை

புகார் மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததும் பக்கம் மாறிவிடக்கூடும். காப்பகத்தில் இருக்கும் பழைய பதிவுகளும் நிரந்தரம் என்று எண்ணக் கூடாது; டொமைன் உரிமையாளர் கேட்டுக்கொண்டால் காப்பகம் பக்கங்களை விலக்குவது உண்டு, இன்றைய டொமைன் உரிமையாளர் உங்கள் கட்டுரைகளை எடுத்துப் போட்டவர்தான். எனவே எவருக்கும் எழுதும் முன்:

1. திருடப்பட்ட ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பக்கத்தைக் கோப்பாகவும் சேமியுங்கள்.

2. அந்தப் பக்கத்தை இணைய ஆவணக் காப்பகத்தில் இன்றைய தேதியில் பதிவு செய்யுங்கள்.

3. உங்கள் கட்டுரை முதலில் வெளியான நாளின் காப்பகப் பதிவைத் தேடி இணைத்து வையுங்கள்.

4. கைவசம் உள்ள மூலக் கோப்பு, தரவுத்தளக் காப்புப் பிரதி, பழைய டொமைன் கட்டண ரசீதுகள், பதிவாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து ஆகியவற்றை ஒரே இடத்தில் சேருங்கள்.

தமிழ்த் தளங்களுக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. யூனிகோடு பரவும் முன் திஸ்கி, தாப் முதலிய குறியேற்றங்களில் எழுதப்பட்ட பக்கங்கள் காப்பகத்தில் புரியாத எழுத்துக் குவியலாகத் தெரியும். திருடியவர் யூனிகோடுக்கு மாற்றிப் போட்டிருந்தால் இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ‘வேறு வேறு’ என்றே சொல்லும். பரிசீலிப்பவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். இரண்டையும் படிக்கும் வடிவில் பக்கத்துக்குப் பக்கம் வைத்து, படங்கள், தலைப்பு, பத்தி எண்ணிக்கை ஆகியவை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டுவது நல்லது.

வழக்கு வரை போகலாம் என்ற எண்ணம் இருந்தால், மின்னணுச் சான்றுகளுக்கு, இந்தியாவின் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அந்தப் படிவத்தில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண் முத்திரை) கேட்கப்படுகிறது.

யாரிடம் புகார்?

டொமைன் உரிமையாளரிடம் அல்ல. அவர் யார் என்பது பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். 2018இல் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் வந்தபின் உரிமையாளர் விவரங்கள் பொதுப் பதிவேட்டில் அபூர்வமாகவே தெரிகின்றன. பதிவாளர் நிறுவனமும் உள்ளடக்கத் தகராறில் தலையிட விரும்புவதில்லை. அழுத்தம் கொடுக்க வேண்டிய இடங்கள் மூன்று.

ஒன்று, ஹோஸ்டிங் நிறுவனம். கட்டுரைகள் உண்மையில் கிடப்பது அதன் சர்வரில். தளத்தின் ஐபி முகவரியை (சர்வரின் எண் முகவரி) வைத்துத் தேடினால் நிறுவனமும் புகார் மின்னஞ்சலும் கிடைக்கும். கிளவுட்ஃப்ளேர் போன்ற இடைத்தரகுச் சேவைக்குப் பின்னால் தளம் ஒளிந்திருந்தால், அங்கே பதிப்புரிமைப் புகார் தந்து உண்மையான ஹோஸ்டிங் எது என்று அறியலாம். அமெரிக்க நிறுவனமாக இருந்தால் அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டப்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: மூலப் படைப்பு எது, திருட்டு நகல் இருக்கும் துல்லியமான முகவரிகள், உங்கள் தொடர்பு விவரம், இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாக ஒரு வாசகம், தகவல்கள் சரியானவை என்றும் உரிமையாளர் சார்பில் பேச அதிகாரம் உண்டு என்றும் உறுதிமொழி, கையொப்பம். ‘என் தளத்தையே திருடிவிட்டார்கள்’ என்ற பொதுவான முறையீட்டுக்குப் பயன் இல்லை. நூறு கட்டுரை என்றால் நூறு முகவரி.

எதிர்த்தரப்பு மறுப்பு அறிவிப்பு கொடுக்கலாம். கொடுத்தால், நீங்கள் வழக்குத் தொடராவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் உள்ளடக்கம் திரும்ப வந்துவிடும். ஆனால் மறுப்பு கொடுப்பவர் தன் பெயரையும் முகவரியையும் தந்து நீதிமன்ற அதிகார வரம்பை ஏற்க வேண்டும். ஒளிந்திருந்து தொழில் செய்பவர் அதற்கு முன்வருவது அரிது. இந்தக் கருவியின் பலமே அங்கேதான் இருக்கிறது.

இந்திய நிறுவனம் என்றால் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(சி) பிரிவும் 2013ஆம் ஆண்டு விதிகளில் 75ஆவதும் பயன்படும். எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் அணுகலைத் தடுக்க வேண்டும். தடை 21 நாட்களுக்கே. அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். புகாரிலேயே வழக்குத் தொடர்வதாக உறுதி தர வேண்டியிருப்பதால், சின்னத் தளம் நடத்துபவருக்கு இது டிஎம்சிஏவைவிடச் செலவான பாதை. ஆறுதல் ஒன்று: 62ஆம் பிரிவின்படி வழக்கை நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.

இரண்டு, தேடுபொறிகள். பதிப்புரிமைப் புகாரையே மதிக்க மாட்டோம் என்று விளம்பரம் செய்து வாடிக்கையாளர் பிடிக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்களும் உண்டு. அங்கே கதவு திறக்காது. ஆனால் திருடியவரின் பிழைப்பு தேடல் வழி வரும் வாசகர்களை நம்பியது. கூகுளின் படிவத்தில் கொடுத்தால், குறிப்பிட்ட முகவரிகள் முடிவுகளிலிருந்து நீக்கப்படும். செல்லுபடியாகும் புகார்கள் அதிகம் வந்த தளத்தைத் தரவரிசையில் தாழ்த்துவதையும் கூகுள் 2012 முதல் செய்துவருகிறது. பிங்குக்குத் தனிப் படிவம். கூகுளுக்கு வரும் அறிவிப்புகளின் பிரதி லூமென் என்ற பொதுத் தரவுத்தளத்துக்குச் செல்கிறது என்பதை அறிந்தே அனுப்புங்கள். புனைபெயரில் எழுதுபவர்களுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி.

மூன்று, விளம்பர வலையமைப்பு. தளத்தில் விளம்பரம் ஓடினால், அதை வழங்கும் நிறுவனத்திடமும் தனியே புகார் தரலாம். வருமானம் நின்ற தளத்துக்கு ஹோஸ்டிங் கட்டணம் கட்ட யாருக்கும் ஆர்வம் இருக்காது.

பொய்ப் புகார் அனுப்பக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் ஆத்திரத்தில், தன்னுடையது அல்லாத பின்னூட்டங்களையும் பிறர் கட்டுரைகளையும் சேர்த்துப் பட்டியலிடுபவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தே பொய் சொன்னால் டிஎம்சிஏவின் கீழ் நட்டஈடு கொடுக்க நேரும். பொய் அறிவிப்புகளை மொத்தமாக அனுப்பிப் போட்டித் தளங்களை முடக்கியதாகச் சிலர்மீது 2023 நவம்பரில் கூகுளே அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. திருடியவரே முன் தேதியிட்ட நகலைக் காட்டி உங்கள் புதிய தளத்தின்மீது புகார் தரவும் வாய்ப்பு உண்டு. முன்பே சேர்த்துவைத்த சான்று அப்போதும் உதவும்.

டொமைனையே திரும்பப் பெற முடியுமா?

பெரும்பாலும் முடியாது. யூடிஆர்பி என்ற டொமைன் தகராறுத் தீர்வு முறையில் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: டொமைன் உங்கள் வணிகச் சின்னத்தோடு ஒத்திருக்கிறது, மறுதரப்புக்கு நியாயமான உரிமை இல்லை, தீய நோக்கத்தோடு பதிவு செய்து தீய நோக்கத்தோடு பயன்படுத்துகிறார். முதல் படியிலேயே பலர் விழுந்துவிடுவார்கள். ‘மழைத்துளி’ என்று பெயர் வைத்துக் கவிதை எழுதியவரிடம் வணிகச் சின்னம் ஏது? இந்தத் தகராறுகளை விசாரிக்கும் உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒற்றை நடுவர் விசாரணைக்குக் கட்டணம் 1,500 டாலர்.

டாட் இன் முகவரிகளுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்ஸி அமைப்பின் ஐஎன்டிஆர்பி என்ற தகராறுத் தீர்வு முறை உண்டு. அங்கே தீய நோக்கப் பதிவு அல்லது தீய நோக்கப் பயன்பாடு, இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்பது சிறிய சாதகம். பதிவு செய்யாத பெயரும் வாசகர்களிடையே உங்களோடு அடையாளம் காணப்படுவதாக இருந்தால் வாதிடலாம். டொமைன் பெயருக்கும் ஆள்மாறாட்டத்திலிருந்து பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் சொல்லியிருக்கிறது. உங்கள் கட்டுரைகளையும் பெயரையும் அப்படியே போட்டிருப்பது இந்த இடத்தில் அவருக்கு எதிரான வலுவான சான்றாகும். பத்தாண்டு நடந்த, பெயர் பெற்ற தளத்துக்கு முயன்று பார்க்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் புதிய டொமைன் பதிவு செய்துகொண்டு, கட்டுரைகளை மீட்பதில் கவனம் செலுத்துவதே மேல்.

திருத்தி எழுதப்பட்டவை

சொல்லுக்குச் சொல் நகல் என்றால் வழக்கு எளிது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு வாக்கியங்களை மாற்றியிருந்தால் கடினம். பதிப்புரிமை தகவலைப் பாதுகாப்பதில்லை, சொன்ன விதத்தையே பாதுகாக்கிறது. அமைப்பும் வாதத்தின் வரிசையும் உதாரணங்களும் அப்படியே இருந்தால் தழுவல் என்று வாதிட இடம் உண்டு. ஆனால் புகார்ப் படிவத்தைப் பரிசீலிப்பவர் அவ்வளவு ஆழமாகப் படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்நிலையில் படங்களையும் அட்டவணைகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். அவற்றை மாற்றி எழுத அவர்கள் மெனக்கெடுவதில்லை.

உங்கள் பெயரில் நீங்கள் எழுதாதது வந்தால் அது பதிப்புரிமைத் தகராறே அல்ல, ஆள்மாறாட்டம். டிஎம்சிஏ படிவத்தில் அதைப் போட்டால் தள்ளுபடி ஆகும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் முகவரிக்குத் தனியாக எழுத வேண்டும். கிறிஸ்டினா வாரனின் விஷயத்தில் வேலை செய்தது சட்டம்கூட அல்ல, பகிரங்கப்படுத்தியதுதான்.

இணைப்புகளைத் திருப்புதல்

நகல்கள் நீங்கிய பிறகும் வெளியிணைப்புகள் புதியவரையே சுட்டிக்கொண்டிருக்கும். முக்கியமான இருபது முப்பது இடங்களைத் தேர்ந்து, அந்தத் தளங்களுக்கு எழுதிப் புதிய முகவரியைக் கொடுங்கள். விக்கிப்பீடியாவில் இதை எவரும் செய்யலாம். கைமாறிய டொமைன்களைக் குறிக்க ஆங்கில விக்கிப்பீடியாவின் மேற்கோள் வார்ப்புருவில் தனி நிலைக்குறிப்பே உண்டு. அதை இட்டால் மூல இணைப்பு மறைந்து காப்பகப் பிரதி மட்டும் தெரியும். தமிழ் விக்கிப்பீடியாவில் சிறு தளங்களை மேற்கோளாகக் கொண்ட கட்டுரைகளிலும் தேடிப் பாருங்கள்.

கட்டுரைகளைவிட அவசரமான ஒன்றும் இருக்கிறது. பழைய டொமைனில் மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தீர்களா? இன்று அந்த முகவரிக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் புதிய உரிமையாளர் பெற்றுக்கொள்ள முடியும், கடவுச்சொல் மீட்பு இணைப்புகள் உட்பட. வங்கி, சமூக ஊடகம், புதிய டொமைனின் பதிவாளர் கணக்கு என்று அந்த முகவரி பதிவாகியிருக்கும் இடங்கள் அனைத்திலும் அதை இன்றே மாற்றிவிட்டு, மேலே சொன்ன புகார்களைத் தொடங்குங்கள்.